இறைக்கும் மோட்டர் இரையும்போது

ஆவணி, புரட்டாதியில் யாழ்ப்பாணத்து மோட்டர் திருத்தும் கடைகளுக்கு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, மோட்டர் சரியான சத்தம், ஒருக்காப் பாருங்கோ." கடையில் மேசைமேல் வைத்துக் கரண்ட் கொடுத்தால் அதே மோட்டர் சத்தமே இல்லாமல் சுற்றும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினால், தகரப் பேணிக்குள் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோல மறுபடியும் கறகறக்கும். அடுத்த தடவை பெயரிங் மாற்றுவார்கள். அதற்கடுத்த தடவை கொயில் கட்டுவார்கள். கடைசியில் புது மோட்டர் வாங்குவார்கள், அதுவும் கறகறக்கும். பழுது மோட்டரில் இல்லை, கிணற்றில் இருக்கிறது.

ஆகவே ஸ்பனரைத் தொடுவதற்கு முன்னர் காதைக் கொடுங்கள். மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுவிட்சை நிறுத்தும் அந்த இரண்டு மூன்று விநாடிகளைக் கவனியுங்கள். நிறுத்திய கணமே சத்தம் அறுந்து போனால் அது கரண்ட் பக்கத்துச் சத்தம். சுழற்சி தளரத் தளரச் சத்தமும் கூடவே தணிந்து வந்தால் பெயரிங், விசிறி, அல்லது உள்ளே ஏதோ உரசுகிறது. தொடக்கத்தில் அமைதியாக இருந்து, தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கறகறப்புக் கூடினால், அது தண்ணீர்ப் பக்கம். எங்கள் ஊரில் அதிகம் வருவதும் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவதும் இந்த மூன்றாவதுதான். அதனால் அதையே முதலில் விரிவாகப் பார்ப்போம்.

மோட்டர் தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது இழுப்பதில்லை. கிணற்றுக்குள் இறங்கும் சக்ஷன் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று. அந்தக் காற்றுக்குக் கடல் மட்டத்தில் 10.3 மீற்றர் உயரம் வரை தள்ளத்தான் பலம் உண்டு. எங்கள் 30 பாகைத் தண்ணீர் ஆவியாகப் பார்க்கும் அழுத்தத்துக்கு அதில் 0.4 மீற்றர் போய்விடும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் உட்சக்கரத்துக்குள் நுழையும் இடத்தில் ஏற்படும் இழப்புக்கு இன்னும் இரண்டு, இரண்டரை மீற்றர். குழாய், முழங்கை, ஃபுட் வால்வ் (குழாயின் அடிநுனியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிப்பது) இவற்றின் உராய்வுக்கு இன்னும் கொஞ்சம். கையில் மிஞ்சுவது ஏழு மீற்றர் சொச்சம். எவ்வளவு பெரிய மோட்டர் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. அரை எச்.பி. மோட்டரால் எடுக்க முடியாத ஆழத்துக்கு ஒரு எச்.பி. மோட்டரை மேலே வைத்தால், தண்ணீர் கூட வராது, சத்தம்தான் கூடும்.

மார்கழியில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். மழை நின்று தையும் மாசியும் போய், வெயில் ஏறி, தோட்டங்களுக்கு இறைப்புத் தொடங்கினால் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மார்கழியில் மோட்டருக்கு இருந்த சுமையும் புரட்டாதியில் இருக்கும் சுமையும் ஒன்றல்ல. ஆழம் எல்லையைத் தாண்டும்போது உட்சக்கரத்தின் வாயில் தண்ணீரே சூடாகாமல் கொதித்து நீராவிக் குமிழிகளாகும். அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடிய பக்கத்துக்கு வந்ததும் நொறுங்கும். ஒவ்வொரு நொறுங்கலும் பித்தளையில் ஊசி முனையால் குத்துகிற மாதிரி. சரளைக் கல் சத்தம் அதுதான். அந்த நிலையில் மாதக்கணக்கில் ஓடிய உட்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருக்கும்.

அளப்பது எளிது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். ஆனால் காலையில், கிணறு ஊறி நிறைந்திருக்கும்போது அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும். மோட்டரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டரின் நடுவிலிருந்து நீர்மட்டம் வரை அளவிடுங்கள். ஆறரை மீற்றருக்கு மேல் வந்தால் சத்தத்துக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. ஐந்து மீற்றருக்குள் இருந்தும் கறகறத்தால் குழாயைச் சந்தேகியுங்கள்.

குழாயில் செய்யும் சிக்கனம்தான் பெரிய செலவு. ஒரு அங்குல வாய் உள்ள மோட்டருக்கு முக்கால் அங்குலக் குழாயை ரெடியூசர் போட்டுச் சக்ஷனுக்கு விடுவதைப் பல வீடுகளில் காணலாம். நிமிடத்துக்கு 30 லீற்றர் ஓடும்போது 32 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில் (ஒரு அங்குலம் என்று கடையில் கேட்பது) ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் உராய்வால் போவது ஏறத்தாழ 0.3 மீற்றர். அதே தண்ணீர் முக்கால் அங்குலக் குழாயால் போனால் அது மூன்று மடங்குக்கு மேலாகும். தண்ணீர் மேலே போகும் டெலிவரிப் பக்கத்தில் இதைத் தாங்கலாம், மோட்டர் தள்ளிக்கொள்ளும். சக்ஷன் பக்கத்தில் ஒவ்வொரு சாணும் கணக்கு. வாயைவிட ஒரு அளவு பெரிய குழாயைச் சக்ஷனுக்குப் போடுங்கள். ஒரு அங்குல வாய்க்கு ஒன்றேகால், அதாவது 40 மில்லிமீற்றர். முழங்கை ஒன்று போதும். கிடையாகப் போகும் பகுதி மோட்டரை நோக்கிச் சற்று ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் கூன் விழுந்தால் அங்கே காற்றுத் தங்கும்.

கிணற்றுக்குள் தட்டு அமைத்து மோட்டரைக் கீழே இறக்குவது பழைய வழி, நல்ல வழியும்கூட. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இன்னொருவர், மெயின் நிறுத்தம், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் — இந்த நான்கும் இல்லாமல் இறங்கக் கூடாது. மண்ணெண்ணெயில், பெற்றோலில் ஓடும் இறைப்பு மிஷினைக் கிணற்றுக்குள் இறக்குவது உயிரோடு விளையாடும் வேலை. அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கியவரைத் தூக்க இறங்குகிறவரும் மயங்குவார். எவ்வளவு அவசரமான இறைப்பென்றாலும் மிஷின் மேலேதான் நிற்க வேண்டும்.

ஏழு மீற்றரைத் தாண்டிய கிணறுகளுக்கு இரட்டைக் குழாய் ஜெட் பம்ப் இருக்கிறது, நீருக்குள்ளேயே இருக்கும் மோட்டரும் இருக்கிறது. சத்தம் போய்விடும், சந்தேகமில்லை. ஆனால் வாங்கும்முன் ஒன்றை யோசிக்க வேண்டும். எங்கள் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர்தான் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் ஒரு சாண் இறங்கினால், கீழே உவர்நீரின் எல்லை நாற்பது சாண் ஏறப் பார்க்கும். ஆழத்திலிருந்து வேகமாக இறைக்க வழி கிடைத்ததும் கிணறு உவர்த்துப்போவது இதனால்தான். கறகறப்பு வந்தவுடன் பெரிய மோட்டருக்குப் போகாமல், இறைக்கும் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது கிணற்றுக்கும் நல்லது.

அதைச் செய்யும் விதம் மோட்டரின் வகையைப் பொறுத்தது. வீட்டில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் பம்ப் என்றால், டெலிவரிக் குழாயில் ஒரு கேட் வால்வ் பூட்டி மெல்ல மெல்ல மூடுங்கள். ஓட்டம் குறையும்போது உராய்வும் குறையும், உட்சக்கரத்தின் தேவையும் குறையும். ஒரு இடத்தில் கறகறப்பு சட்டென்று நிற்கும், அங்கேயே விட்டுவிடுங்கள். தாங்கி நிறையக் கொஞ்சம் நேரம் கூட எடுக்கும். ஆனால் மலிவான அரை எச்.பி. மோட்டர்களில் அநேகமானவை பெரிபெரல் வகை. கழற்றினால் உட்சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பல் வெட்டியிருக்கும். இந்த வகையில் டெலிவரியை மூடினால் மோட்டர் இழுக்கும் கரண்ட் குறையாது, கூடும். சூடேறிக் கொயில் எரியும். அதற்கு டெலிவரியிலிருந்து ஒரு கிளைக் குழாயில் வால்வ் வைத்துக் கிணற்றுக்கே கொஞ்சத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் மோட்டரின் சுமை குறையும். சக்ஷன் பக்கத்துக் கறகறப்புக் குறைய வேண்டுமென்றால் பெரிய குழாய் அல்லது தாழ்ந்த தட்டு, இரண்டைத் தவிர வேறு வழியில்லை. சக்ஷன் பக்கத்தில் வால்வ் வைத்து மூடுவதை இரண்டு வகைக்கும் செய்யவே கூடாது.

கறகறப்புக்குப் பதில் விக்கல் எடுப்பதுபோல விட்டு விட்டுச் சத்தம் வந்து, தாங்கிக்குள் தண்ணீர் துப்பித் துப்பி விழுந்தால், வாளியில் பிடித்த தண்ணீர் பால்போல வெளுத்திருந்து பிறகு தெளிந்தால், அது காற்று. சக்ஷன் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது. இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வெளியே வராமல் காற்று உள்ளே போகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மோட்டரை நிறுத்தி, தண்ணீர் வார்க்கும் மூடியைத் திறந்து விளிம்புவரை வார்த்துவிட்டுக் கால்மணி நேரம் விடுங்கள். மூடி திறந்திருப்பதால் இப்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் கூட. காற்றை உள்ளே விட்ட அதே இடத்தால் இப்போது தண்ணீர் கசியும். உலர்ந்த துணியால் ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பாருங்கள். மட்டம் இறங்குகிறது, மூட்டுகள் எல்லாம் உலர்ந்தே இருக்கின்றன என்றால், போவது ஃபுட் வால்வால்.

மூட்டுகளில் முதல் சந்தேகம் யூனியனில் உள்ள ரப்பர் வளையத்தில். வெயிலில் கிடந்து காய்ந்து கல்லாகிவிடும். பழைய வளையத்தைக் கையோடு ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். புரி உள்ள மூட்டுக்கு டேப்பைப் புரி இறுகும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்ட வேண்டும். பித்தளைப் புரியைப் பி.வி.சி. சொக்கெட்டுக்குள் பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் சொக்கெட் மயிரளவு வெடிக்கும், அங்கிருந்துதான் அடுத்த வருடத் தொல்லை. பசை போடும் மூட்டில் இரண்டு பக்கமும் காய்ந்திருக்க வேண்டும். கிணற்றடியில் ஈரக் கையோடு ஒட்டிய மூட்டு ஒரு மாதம் தாங்கினால் பெரிது.

ஃபுட் வால்வைக் கழற்றி எடுத்தால் அதன் சல்லடையிலும் மடலிலும் வெள்ளையாகக் கட்டி பிடித்திருக்கும். கேத்திலின் அடியில் பிடிக்கும் அதே சுண்ணாம்புதான். வினாகிரிக்குள் ஓர் இரவு போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்தால் வந்துவிடும். மடலின் ரப்பர் ஓரத்தில் மணல் பதிந்து பள்ளம் விழுந்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். திரும்ப இறக்கும்போது கிணற்றின் அடியிலிருந்து அரை மீற்றராவது மேலே நிற்கட்டும். வடமராட்சி, தீவுப் பகுதிகளின் மணற்பாங்கான கிணறுகளில் இன்னும் கூட விடலாம். அதேநேரம் கோடையின் தாழ்ந்த மட்டத்திலும் வால்வுக்கு மேலே ஒரு முழம் தண்ணீராவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுழி விழுந்து மேலிருந்தே காற்றை இழுக்கும். இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற முடியாத கிணறு என்றால், தூர் வார வேண்டிய காலம் வந்துவிட்டது.

தண்ணீர்ப் பக்கம் இவ்வளவு. மோட்டரில் உண்மையான பழுது என்றால் அது அநேகமாகப் பெயரிங். சத்தம் கறகறப்பாக இராது. ஆட்டுக்கல் சுற்றுவதுபோல ஒரே சீரான உறுமல், நாளாக நாளாகக் கீச்சொலியாக மாறும். நீளமான திருப்புளியின் நுனியை மோட்டரின் முன்பக்க மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேளுங்கள், பிறகு பின்பக்கம். எந்தப் பக்கம் என்பது தெளிவாகப் பிரியும். தண்ணீர்ப் பக்கத்துப் பெயரிங்தான் முதலில் போகும். அது தானாகப் போவதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்து, துளித் துளியாகக் கசிந்த நீர் பெயரிங்குக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கிறது. மோட்டருக்கும் பம்புக்கும் இடையே உள்ள இடைவெளியில் வெள்ளைப் படலமோ துருக் கறையோ தெரிந்தால் சீல் போய்விட்டது. பெயரிங்கை மட்டும் மாற்றிச் சீலை அப்படியே விட்டால் சில மாதங்களில் திரும்பவும் அதே உறுமல்தான். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

பெயரிங்கின் எண் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும். வீட்டு மோட்டர்களில் அதிகம் வருவன 6201, 6202, 6203. 6202 என்றால் உட்துளை 15, வெளிவிட்டம் 35, தடிப்பு 11 மில்லிமீற்றர். 6203 என்றால் 17, 40, 12. கடையில் எண்ணோடு சேர்த்து இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள். தகர மூடி உள்ளது மலிவு. ஆனால் கிணற்றடி ஈரத்துக்கும், பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோர ஊர்களின் உப்புக் காற்றுக்கும் அது தாக்குப்பிடிக்காது. பூட்டும்போது ஷாஃப்டில் ஏறும் உள்வளையத்தைத்தான் தட்ட வேண்டும். உள்வளையத்தின் அளவுக்குச் சரியான இரும்புக் குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிவரத் தட்டுங்கள். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் உள்ளே குண்டுகள் பள்ளம் பதிக்கும், புதுப் பெயரிங் முதல் நாளே உறுமும். சீலின் கரி முகத்திலும் வெள்ளை முகத்திலும் விரல் படக் கூடாது. ரப்பருக்குக் கிரீஸ் வேண்டாம், சவர்க்கார நீர் போதும். பூட்டியபின் தண்ணீர் வார்க்காமல் ஒரு விநாடிகூட ஓடவிடக் கூடாது. அந்தச் சீல் உலர்ந்து சுற்றினால் அங்கேயே எரிந்துவிடும்.

பின்பக்க விசிறி மூடியைக் கழற்றிப் பார்க்காமல் பெயரிங்குக்குப் போகாதீர்கள். குளவிக் கூடு, வேப்பஞ் சருகு, உடைந்த விசிறி இதழ் இவற்றில் ஒன்று உரசும் சத்தமும் உறுமல் போலவே கேட்கும்.

கரண்ட் பக்கம் வருவோம். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எந்த மோட்டரிலும் மெல்லிய ரீங்காரம் இருக்கும், அது குறையல்ல. சுவிட்சைப் போட்டதும் பலமாக ரீங்கரித்து, சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து விநாடி விட்டால் கொயில் எரியும் மணம் வரும். மெயினை நிறுத்திவிட்டு, பின்பக்க ஷாஃப்டின் வெட்டில் திருப்புளியை வைத்துத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் உட்சக்கரம் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூட்டிக் கிடந்த வீடுகளில் இது சாதாரணம். பெரிபெரல் பம்பில் உட்சக்கரத்துக்கும் உடலுக்கும் இடைவெளி காகிதத் தடிப்புத்தான். முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் விடும். இலேசாகத் திரும்புகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் சுற்றவில்லை என்றால், பழுது மோட்டர் சுற்றத் தொடங்க உதவும் கப்பாசிற்றரில். அரை எச்.பி.க்கு வழக்கமாக 10 முதல் 16 மைக்ரோபரட், ஒரு எச்.பி.க்கு 20 முதல் 25, தாங்கும் அளவு 450 வோல்ற். பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோபரட்டையே வாங்குங்கள், கூட்டிப் போட்டால் பலம் கூடும் என்பது பிழை. கழற்றும்முன் அதன் இரண்டு முனைகளுக்கும் ஒரு பழைய இழை பல்பைத் தொடுத்து உள்ளே நிற்கும் கரண்டை வடித்துவிடுங்கள்.

கப்பாசிற்றரும் நல்லது, ஷாஃப்டும் இலேசு, பின்னேரத்தில் மட்டும் ரீங்கரித்து நிற்கிறது என்றால் வயரைப் பாருங்கள். மோட்டரின் திருகுபலம் வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு போகும்: 230 வோல்ற்றுக்குப் பதில் 190 கிடைத்தால் பலம் மூன்றில் இரண்டு பங்குதான். வீட்டிலிருந்து 40 மீற்றர் தள்ளிய கிணற்றுக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருந்தால், தொடங்கும் நேரத்து 20 அம்பியருக்கு வயரிலேயே 29 வோல்ற் போய்விடும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் 12 வோல்ற்றுத்தான்.

மோட்டர் நின்ற பிறகு "டமார்" என்று சுவரில் அடிப்பதுபோலக் கேட்டால், அது குழாய்க்குள் திரும்பி விழும் தண்ணீர். விநாடிக்கு 0.8 மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீர் பி.வி.சி. குழாயில் சட்டென்று நிறுத்தப்பட்டால் 30 மீற்றர் உயர நீரின் அழுத்தம் ஒரு கணம் கூடும். தாங்கி ஆறு மீற்றர் உயரத்தில் இருக்கும் வீட்டுக் குழாய்க்கு அது பெரிய அடி. தேய்ந்த ஃபுட் வால்வ் தாமதமாக மூடுவதே காரணம். மோட்டருக்கு அடுத்ததாக டெலிவரியில் சுருள்வில் உள்ள செக் வால்வ் ஒன்றைப் பூட்டினால், தண்ணீர் திரும்பும்முன்னே மூடிக்கொள்ளும். சுவரோடு போகும் குழாயை மீற்றருக்கு ஒரு கிளிப் போட்டு இறுக்குங்கள். இரவில் அயல் வீட்டுக்கும் கேட்கிற அதிர்வு என்றால், மோட்டரின் கால்களுக்குக் கீழே பழைய டயர் ரப்பர், மோட்டரை ஒட்டிய இடத்தில் ஒரு முழம் வளையும் ஹோஸ். தகரப் பெட்டியால் மூடினால் சத்தம் அடங்காது. மோட்டர் மூச்சுமுட்டிச் சூடேறும்.

புதிதாகக் கட்டும் வீடுகளில் இப்போது சுடுதண்ணி ஹீற்றரும் வந்துவிட்டது. அதன் சத்தத்துக்கும் வேர் இதே சுண்ணாம்புக் கல். எங்கள் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூடேறியதும் கரியமிலவாயுவை விட்டுவிட்டுக் கல்லாகப் படியும். படிவது சூடான எலிமெண்டின் மேல். படலத்துக்கு அடியில் அகப்பட்ட தண்ணீர் கொதித்துக் குமிழியாகி நொறுங்கும். கேத்தில் கொதிக்கும்முன் போடும் முணுமுணுப்பு அதுதான். இலண்டனில் இருக்கும் பிள்ளைகள் மாரியில் "பொயிலர் கேத்தில் மாதிரிச் சத்தம் போடுது" என்று போனில் சொன்னால், அங்கேயும் அநேகமாகச் சுண்ணாம்போ குழாய்ச் சேறோதான். அங்கத்தைய தண்ணீரும் கடினமானது. ஆனால் அங்கே காஸ் பொயிலரைத் திறக்கப் பதிவு பெற்றவருக்கே அனுமதி, கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இங்குள்ள தொட்டி ஹீற்றரை நிதானமாகச் செய்தால் வீட்டிலேயே துப்புரவாக்கலாம். மெயினை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீரை முழுதாக வடித்து, எலிமெண்டைக் கழற்றுங்கள். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிநீர் வேண்டாம்; அதில் சிற்றிக் அமிலமே கல்சியத்தோடு சேர்ந்து புதிய படிவாகும். கத்தியால் சுரண்டினால் எலிமெண்டின் உறை கிழியும். தொட்டி துருப்பிடிக்காமல் அதற்குப் பதிலாகத் தான் கரையும் மக்னீசியக் கம்பி விரல் தடிப்பிலிருந்து பென்சில் தடிப்புக்கு வந்திருந்தால் மாற்றுங்கள், ரப்பர் வாசரைப் புதிதாகவே போடுங்கள். தேர்மோஸ்ராற்றை 60 பாகைக்கு மேல் வைக்கத் தேவையில்லை. அதற்கு மேலே போகப் போகச் சுண்ணாம்பு விரைவாகப் படியும். திரும்பப் பூட்டியதும் சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து, காற்றுத் துப்பாமல் ஒரே ஓட்டமாகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். வெறும் தொட்டிக்குள் சூடேறும் எலிமெண்ட் ஒன்றிரண்டு நிமிடங்களிலேயே எரிந்துவிடும்.